நடந்தால்தான் பாதை

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் குழந்தைகளோடு நடக்க டிக்கெட் கிடையாது. ஆனால் அந்தச் சுதந்திரம் சும்மா வந்ததல்ல.

தூறல் விடவில்லை. யாரும் அதைக் கண்டுகொண்டதாகவும் தெரியவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில் உள்ள போஸ்ட்பிரிட்ஜ் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. கார் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும் குழந்தைகள். பிளாஸ்கில் டீ இருக்கிறதா என்று இரண்டாம் முறையாகப் பார்க்கும் அம்மா. காற்றில் படபடக்கும் வரைபடத்தோடு மல்லுக்கட்டும் அப்பா. பத்து நிமிடத்தில் எல்லோரும் ஆற்றங்கரையில் இருப்பார்கள். கார் நிறுத்தத்தான் காசு, நடப்பதற்கு இல்லை.

இந்தியாவில் தேசியப் பூங்கா என்றால் கேட், டிக்கெட், ஜீப் என்றுதான் மனத்தில் படம் விரியும். டார்ட்மூரும் 1951 முதல் தேசியப் பூங்காதான். பரப்பு 954 சதுர கிலோமீட்டர். ஆனால் அதற்கு வேலியும் இல்லை, நுழைவாயிலும் இல்லை. உள்ளே ஊர்கள் இருக்கின்றன, பண்ணைகள் இருக்கின்றன, ஆடு மாடுகளோடு குட்டையான குதிரைகளும் மேய்கின்றன. நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். மிகப் பெரிய உரிமையாளர் கார்ன்வால் டச்சி, அதாவது பட்டத்து இளவரசரின் சொத்து.

மூர் என்பதற்குத் தமிழில் நேரான சொல் இல்லை. மரங்கள் அற்ற மேட்டுநிலம். புல்லும் ஹெதர் என்ற குறுஞ்செடியும் மூடிய சரிவுகள். அடியில், முழுதாக மக்காத செடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான, பஞ்சு போல நீரை உறிஞ்சி வைத்திருக்கும் கறுப்பு மண். ஆங்காங்கே கிரானைட் பாறைகள் அடுக்கி வைத்தாற்போல நிற்கும். இவற்றுக்கு 'டார்' என்று பெயர். 160க்கு மேல் இருக்கின்றன. ஊட்டியின் புல்வெளிகளில் மஞ்சள் பூக்களோடு மண்டிக் கிடக்கும் முட்புதரைப் பார்த்தவர்களுக்கு ஓர் அறிமுகம் ஏற்கனவே உண்டு. கார்ஸ் என்ற அந்தச் செடியை நீலகிரியில் கொண்டுவந்து வைத்தவர்கள் பிரிட்டிஷார். அங்கே அது இடத்தைப் பிடித்துக்கொண்ட அழையா விருந்தாளி. டார்ட்மூரில் அதுதான் வீட்டுக்காரர்.

குடும்பங்களுக்கு இந்த நிலம் ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் எளியது. மிக உயரமான ஹை வில்ஹேஸ் முகடே 621 மீட்டர்தான். மூச்சு வாங்கும் மலையேற்றமாக இல்லாமல் நடையாகவே பெரும்பாலான இடங்களைப் பார்த்துவிடலாம். மேட்டில் காற்று அதிகமென்றால் பள்ளத்தாக்கில் இறங்கி நடக்கலாம். டார்ட், டீன், டேவி, பிளிம் என்று பல ஆறுகள் இங்கேதான் பிறந்து, காடடர்ந்த பள்ளத்தாக்குகள் வழியாகக் கடலை நோக்கி ஓடுகின்றன.

முதல்முறை வருபவர்கள் பலர் போவது ஹேடார் பாறைக்கு. சாலையிலிருந்து புல்சரிவில் ஏறினால் சிறு குழந்தையும் அரை மணிக்குள் பாறையைத் தொட்டுவிடும். பாறைக்கு வடக்கே இன்னொரு அதிசயம். 1820இல் போடப்பட்ட டிராம் பாதையின் தண்டவாளங்கள் புல்லில் புதைந்து கிடக்கின்றன. அவை இரும்பால் ஆனவை அல்ல. கிரானைட் கல்லில் செதுக்கியவை. இங்கே வெட்டிய கல்லைக் குதிரைகள் இழுத்த வண்டிகள் இந்தப் பாதையில்தான் கொண்டுபோயின. 1831இல் திறக்கப்பட்ட லண்டன் பாலத்துக்கும் ஹேடார் கல் போயிற்று. அந்தப் பாலம் 1968இல் விற்கப்பட்டு, இப்போது அமெரிக்காவின் அரிசோனாவில் நிற்கிறது. தண்டவாளத்தின் மேல் கைகளை விரித்து நடக்கும் குழந்தைக்கு இந்தக் கதை ஒரு கிலோமீட்டருக்குத் தாங்கும்.

போஸ்ட்பிரிட்ஜில் பார்க்க வேண்டியது கிழக்கு டார்ட் ஆற்றின் குறுக்கே உள்ள கற்பாலம். தூண்களும் கல்தான், மேலே கிடத்திய பலகைகளும் கல்தான். ஒவ்வொரு பலகையும் பல டன் எடை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் இந்தப் பாலத்தில் இன்றும் ஆட்கள் நடக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே பெல்லெவர் வரை நடந்து, ஆற்றோரம் சாப்பிட்டுத் திரும்பினால் ஒரு அரைநாள் நிறைவாகக் கழியும்.

கொஞ்சம் பழகிய கால்களுக்கு டீன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஃபிங்கிள் பாலத்திலிருந்து ஆற்றோரமாகச் செல்வது 'மீனவர் பாதை'. மேலே சரிவின் விளிம்பில் செல்வது 'வேட்டைக்காரர் பாதை'. ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பினால் சுமார் 6 கிலோமீட்டர். உச்சியில் நிற்கும் ட்ரோகோ கோட்டையை இந்தியர்கள் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பார்கள். டெல்லியில் ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான் இதையும் வடிவமைத்தவர். மளிகைக் கடைகளில் தேயிலை விற்றுப் பணக்காரரான ஜூலியஸ் ட்ரூ என்பவருக்காக 1911 முதல் 1930 வரை கட்டினார். டெல்லியில் மாளிகை எழுந்து கொண்டிருந்த அதே ஆண்டுகள்.

'இன்னும் எவ்வளவு தூரம்?' என்பது எல்லா நாட்டுக் குழந்தைகளும் கேட்கும் கேள்வி. டார்ட்மூர் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறமான சதுப்பு நிலத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போகலாம். அந்தப் பழக்கம் 'லெட்டர்பாக்சிங்' என்ற விளையாட்டாக வளர்ந்தது. இன்று பாறை இடுக்குகளில் ஏராளமான டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு நோட்டு. கண்டுபிடித்தவர் அந்த முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு, தன் முத்திரையை அங்குள்ள நோட்டில் பதித்துவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். கால் வலிக்கிறது என்று முரண்டு பிடித்த பிள்ளை, அடுத்த டப்பாவுக்காக அப்பாவின் கையைப் பிடித்து இழுப்பது இங்கே சாதாரணம்.

ஆனால் மூர் விளையாட்டு மைதானம் அல்ல. ஷெர்லாக் ஹோம்ஸ் கதையான 'பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்' இங்கே நடப்பதாக எழுதப்பட்டது காரணமில்லாமல் அல்ல. வெயில் காய்ந்து கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கும். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பளிச்சென்ற பச்சையாகத் தெரியும் இடம் புல்தரையாக இல்லாமல் சேறாக இருக்கலாம். மேட்டில் மழை பெய்தால் தாண்டிக் குதித்துவந்த ஓடை, திரும்பும்போது கடக்க முடியாததாகிவிடும். 14 முதல் 19 வயதுள்ள சுமார் 2,400 இளைஞர்கள் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் கலந்துகொள்ளும் 'டென் டார்ஸ்' நடைப் போட்டிக்கான பயிற்சியின்போது, 2007இல் 14 வயதுச் சிறுமி ஒருவர் பெருக்கெடுத்த ஓடையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்.

அதனால் விதிகள் உண்டு. மழைக் கோட்டும் கூடுதல் ஸ்வெட்டரும் கோடையிலும் பையில் இருக்க வேண்டும். செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. காகித வரைபடமும் திசைகாட்டியும் வேண்டும். வெள்ளம் தெரிந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். வடக்கு மூரில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களங்கள் இருக்கின்றன. சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை தரையில் முட்டையிடும் பறவைகளுக்காக நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் நடக்க வேண்டும். வீடு திரும்பியதும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பிலும் கழுத்திலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். லைம் நோய் அதன் கடியால்தான் வருகிறது.

இவ்வளவும் தெரிந்தே மக்கள் வருகிறார்கள். வர முடிகிறது என்பதே பெரிய விஷயம். இங்கிலாந்தின் மூர்களில் பல நெடுங்காலம் பணக்காரர்களின் பறவை வேட்டைக் களங்கள். 1932 ஏப்ரல் 24 அன்று வடக்கே கிண்டர் ஸ்கவுட் மூரில் மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்தார்கள். 5 பேர் சிறைக்குப் போனார்கள். அந்தக் கோபம் அடங்கவில்லை. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. டார்ட்மூரின் பொது மேய்ச்சல் நிலங்களில் நடந்தோ குதிரையிலோ 'திறந்தவெளிப் பொழுதுபோக்கு'க்காகச் செல்லலாம் என்று 1985இல் தனிச் சட்டம் சொன்னது. 2000இல் வந்த சட்டம் நாட்டின் பிற மூர்களுக்கும் நடக்கும் உரிமையைக் கொடுத்தது. அப்படியும் இங்கிலாந்து நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதத்தில்தான் இஷ்டம்போல் நடக்கலாம்.

இரவு கூடாரம் போட்டுத் தூங்குவது 'பொழுதுபோக்கு' ஆகுமா? ஸ்டால் மூரின் நில உரிமையாளர்கள் இந்தக் கேள்வியோடு நீதிமன்றம் போனார்கள். ஆகாது என்றது உயர் நீதிமன்றம், 2023 ஜனவரியில். அதே மாதம் ஆயிரக்கணக்கானோர் அந்த மூரில் ஊர்வலமாக நடந்தார்கள். ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம், கூடாரத்தில் தங்குவதும் திறந்தவெளிப் பொழுதுபோக்கே என்று ஒருமனதாக முடித்து வைத்தது. அதற்காக யாரும் எப்படியும் தங்கிவிட முடியாது. முதுகில் சுமக்கும் சிறு கூடாரம் மட்டும். தீ மூட்டக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் கூடாது. அனுமதித்த பகுதிகளில் மட்டும்.

நில உரிமையாளர்களின் கவலையை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. விஸ்ட்மன் வனம் ஓர் உதாரணம். குள்ளமான ஓக் மரங்கள் பாசி போர்த்தி நிற்கும் சின்னஞ்சிறு காடு அது. ரசிகர்களின் கால்களே அதற்கு எமனாயின. மரங்களுக்கு நடுவே புகாமல் வெளியே நின்று பாருங்கள் என்று இப்போது கேட்டுக்கொள்கிறார்கள். இன்னொரு குறை, உரிமை எல்லோருக்கும் இருந்தாலும் வருபவர்கள் எல்லோரும் அல்ல. தேசியப் பூங்காக்களில் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்களைக் காண்பது அரிது என்பதை 2019இல் ஜூலியன் குளோவர் தலைமையிலான அரசு ஆய்வே சுட்டிக்காட்டியது. கார் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 1972இல் நின்றுபோன எக்ஸிடர்-ஓக்ஹாம்ப்டன் தினசரி ரயில் 2021 நவம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இறங்கினால் மூர் கண்ணெதிரே.

இங்கிலாந்தின் சட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. ஒரு வழியில் மக்கள் ஒளிவு மறைவின்றி, யாரும் தடுக்காமல் 20 ஆண்டுகள் நடந்துவிட்டால் அது பொதுப்பாதை என்றே 1980ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உரிமையாளரின் வேலை. சாட்சி யார்? 'இந்த வழியில் இத்தனை ஆண்டுகள் நடந்தேன்' என்று எழுதிக் கொடுக்கும் ஊர்க்காரர்கள். போஸ்ட்பிரிட்ஜ் கற்பாலத்தில் சேற்றுப் பூட்ஸோடு அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளைக்கு இது தெரியாது. ஆனால் நாளைய சாட்சி அந்தப் பிள்ளைதான்.