பாம்புக்கு இமை இல்லையே!

போன மார்கழியில், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு முறுக்கு கொடுத்துவிட்டு வரலாமென்று அவன் அறைக்குப் போனேன். ஒரே அறையில் நாலு பையன்கள், மூன்று ஷிப்டு. ஒருவன் படுக்கும்போது இன்னொருவன் வேலைக்குக் கிளம்புவான். அந்த அறையில் விளக்கு அணைந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு மூலையில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நீல பல்பு. மீன் வளர்க்கிறான் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். முறுக்கு டப்பா கை நழுவிவிட்டது. பாம்பு!

"பயப்படாதீங்க சித்தி, பால் பைத்தான். விஷமே கிடையாது" என்றான். மேற்கு ஆப்பிரிக்காவின் சின்ன மலைப்பாம்பாம். பயந்தால் பந்து மாதிரி சுருண்டு கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். ஆறு வாரமாக எலி வைத்தும் வாயே திறக்கவில்லை என்று அவன் முகம் வாடிக் கிடந்தது. "இது குளிர் ஊரு, ராத்திரி பகல் லைட்டு எரியணும்னு வித்தவர் சொன்னாரு சித்தி. பேசாம ராமநாயக்கன் ஏரிப் பக்கம் விட்டுடட்டுமா?"

சாப்பிடாத ஜீவனைப் பார்த்தால் நமக்கு மனசு கேட்குமா, அது பாம்பாகவே இருந்தாலும்?

எனக்கு வடநெம்மேலி ஞாபகம் வந்தது. சில வருஷம் முன்பு மகாபலிபுரம் போகும் வழியில், முதலைப் பண்ணை வளாகத்திலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்தோம். 1978-ல் தொடங்கியது. விஷமுறிவு மருந்துக்காக நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். எல்லாம் மண்பானையில்தான்! வாயில் துணி கட்டியிருக்கும். உள்ளே குளுமை, இருட்டு. பல்பும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். அங்கே அந்த மலைப்பாம்புகள் எப்படி வந்தன தெரியுமா? வீட்டில் வளர்த்தவர்களிடமிருந்து தப்பியதும், அவர்களே கொண்டுபோய் விட்டதும் பெருகியதுதான். ஏரிப் பேச்சை அத்தோடு அடக்கினேன்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்மேல் கண்ணாடி போல ஒரு செதில்தான் மூடியிருக்கிறது. விளக்கு கண்ணைக் குத்தினால் நம்மைப் போல மூடிக்கொள்ள முடியாது. அதிலும் இந்த ஜாதி, பகலில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கி, பொழுது சாய்ந்த பிறகு இரை தேடுவது. கைக்குழந்தையைத் தூங்க வைக்க நாம் விளக்கை அணைக்கிறோம். இதற்கு யார் அணைப்பது? ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தித் தோட்டத்தில் ராத்திரி பல்பு எரிய விட்டுப் பூப்பதையே தள்ளிப் போடுகிறார்கள். செடிக்கே வெளிச்சம் அந்தப் பாடு படுத்துகிறது!

குளிர் ஊர் என்பது நிஜம்தான். ஆனால் பாம்புக்கு வேண்டியது சூடு, ராத்திரி வெளிச்சம் இல்லை. பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 25, 26 இருந்தால் தனக்குத் தோதான இடத்துக்கு அதுவே நகர்ந்து கொள்ளும். ஒளி தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டரோ, அடியில் வைக்கும் சூட்டுப் பட்டையோ போதும். எதுவானாலும் தெர்மோஸ்டாட் கட்டாயம். பெட்டிக்குள் ஹீட்டர், பல்பு இருந்தால் கம்பி வலையும் வேண்டும்; இல்லாவிட்டால் அதைச் சுற்றிக் கொண்டு வெந்து போகும். பகலில் பன்னிரண்டு மணி நேரம் சாதாரண வெளிச்சம், பிறகு நல்ல இருட்டு. நீலம், சிவப்பு பல்பெல்லாம் கடைக்காரருக்குத்தான் லாபம்.

என் வீட்டுக்காரர் போனில் முதலில் கேட்டது பதிவுச் சீட்டைப் பற்றி. நம் நாட்டு நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைத்தால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு ஜாதிகளை 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். நல்லவேளை, பையன் பதிந்திருந்தான்.

ஒரு மண்சட்டியில் வாசல் உடைத்து, ஓரத்தைத் தேய்த்து, பெட்டிக்குள் கவிழ்த்தோம். நீல பல்பு குப்பைக்குப் போனது. அறை விளக்கு எப்படியும் அணையாது. அதனால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டிமேல் என் பழைய சுங்குடிப் புடவையைக் காற்றுக்கு இடம்விட்டுப் போர்த்தச் சொன்னேன். குளிர் மாதத்தில் இந்தப் பாம்புகள் பட்டினி கிடப்பதும் உண்டு. ஆனால் இளைத்துக் கொண்டே போனால் கால்நடை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றும் சொல்லி வந்தேன்.

பதினொன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு, ஷிப்டு முடிந்து வந்த கையோடு போன் செய்தான். "சித்தி, சாப்பிட்டுடுச்சு!"

புடவையைத் துவைத்துத் தருகிறேன் என்கிறான். வேண்டவே வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.