பொம்மைக்கு முத்திரை: சிறு உற்பத்தியாளர்களுக்கு நெருக்கடி

பெங்களூரு: குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி மத்திய அரசு கொண்டுவந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை, இறக்குமதிப் பொம்மைகளுக்குக் கடிவாளம் இட்டது. அதே ஆணை, கைவினைஞராகவும் கருதப்படாமல் பெருந்தொழிலாகவும் வளராமல் இடையில் நிற்கும் சிறு உற்பத்தியாளர்களை இக்கட்டில் நிறுத்தியுள்ளது.

ஆணை பிறந்த கதை

இந்தியத் தரக் குழுமம் 2019-இல் தில்லி வட்டாரச் சந்தைகளில் மாதிரிகளை வாங்கிச் சோதித்தபோது, இறக்குமதிப் பொம்மைகளில் 66.9 சதவீதம் தேறவில்லை. இதையடுத்து 2020 பிப்ரவரியில், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகள் அனைத்துக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை வெளியானது. இது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கிடையே இறக்குமதி வரியும் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

பலன் கைமேல் கிடைத்தது. 2018-19-இல் 37 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி, 2021-22-இல் 11 கோடி டாலராகச் சரிந்ததாக மத்திய வர்த்தக அமைச்சகம் தெரிவித்தது.

யாருக்குச் சுமை?

கூர்முனை உள்ளதா, கழன்று விழும் சிறு பாகம் தொண்டையில் சிக்குமா, எளிதில் தீப்பற்றுமா, வண்ணத்தில் இருந்து ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் கசியுமா என்பவை சோதிக்கப்படுகின்றன. இவற்றில் எதையும் வேண்டாம் என்று எந்தப் பெற்றோரும் சொல்லமாட்டார்கள்.

சிக்கல் செலவில்தான் இருக்கிறது. ஒரே அச்சில் லட்சம் பொம்மைகள் வார்க்கும் ஆலைக்குச் சோதனைக் கட்டணம் பொருட்டல்ல. பல வடிவங்களைச் சிறு எண்ணிக்கையில் செய்பவருக்கோ, அதுவே லாபத்தை விழுங்கிவிடும். உரிமம் உற்பத்தி நடைபெறும் இடத்துக்கே வழங்கப்படுவதால், பல வீடுகளில் வேலை கொடுத்துப் பொருளைத் திரட்டும் தொழில்முனைவோருக்குச் சுமை இன்னும் கூடுகிறது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது முதல் குற்றத்துக்குக் குறைந்தது ரூ.2 லட்சம் அபராதம் என்று 2016-ஆம் ஆண்டு தர நிர்ணய அமைவனச் சட்டம் வகுத்தது.

சன்னபட்னாவுக்கு விலக்கு

பெங்களூரு - மைசூரு சாலையில் சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள சன்னபட்னா, திப்பு சுல்தான் காலம் தொட்டு மரப் பொம்மைக்குப் பேர்போனது. பாலை மரத்தைக் கடைசலில் உருட்டி, வண்ணம் கலந்த அரக்கை அதன் மீது தேய்த்து, தாழை மடலால் மெருகேற்றுவது இங்குள்ள மரபு. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி தமது வானொலி உரையில் தஞ்சாவூர், கொண்டபள்ளியுடன் சன்னபட்னாவையும் குறிப்பிட்டார்.

ஆணை அப்படியே அமலானால் இத்தகைய ஊர்களின் தொழில் முடங்கும் என்பதை உணர்ந்த மத்திய அரசு, 2020 டிசம்பரில் திருத்தம் செய்தது. கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்களும், புவிசார் குறியீடு பெற்ற பொருளின் பதிவு உரிமையாளர், அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர் ஆகியோரும் தாங்களே தயாரித்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு கிடைத்தது.

"தயாரித்து விற்கும்' என்ற இரு சொற்களில்தான் சூட்சுமம் உள்ளது. பதிவு இல்லாத கைவினைஞருக்கு விலக்கு இல்லை. பெங்களூரில் துணிப் பொம்மை தைக்கும் மகளிர் குழுவோ, புதிய வடிவங்களைச் சொந்தப் பெயரில் விற்கும் சிறு நிறுவனமோ, மேற்படி பதிவுகள் இல்லையெனில் ஆலைகளுடன் ஒரே தட்டில் நிறுத்தப்படுகின்றன.

அமெரிக்கா காட்டிய வழி

அமெரிக்காவும் இதே சோதனையைச் சந்தித்தது. ஈய வண்ணம் பூசிய சீனப் பொம்மைகள் 2007-இல் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அதனால் 2008-இல் அங்கு கடும் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டிலிருந்து பொம்மை செய்வோர் கொதித்தெழுந்தனர். 2009-இல் இயற்கை மரத்துக்கு ஈயச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு திருத்தம், ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்கும், ஒரே பொருளின் எண்ணிக்கை 7,500-க்கும் மிகாத உற்பத்தியாளர்களை வெளிச் சோதனைகள் சிலவற்றிலிருந்து விடுவித்தது. ஆயினும் வண்ணத்தில் உள்ள ஈயம், தொண்டையில் சிக்கும் சிறு பாகங்கள் ஆகிய சோதனைகளில் எவருக்கும் சலுகை இல்லை.

அங்கே பொருளையும் அளவையும் பார்த்து விலக்கு தரப்பட்டது. இங்கே செய்பவரின் பதிவைப் பார்த்துத் தரப்படுகிறது. இதனால் இரு தரப்புக்கும் இழப்பு. பதிவில்லாத சிறு உற்பத்தியாளர் சந்தையை இழக்கிறார். விலக்கு பெற்ற பொம்மையிலோ, பூசப்பட்டது தாவர வண்ணமா, ரசாயன வண்ணமா என்பதற்குக் கைவினைஞரின் வாய்ச்சொல்லே சான்று. ஏற்றுமதி செய்யும்போது அதே பொம்மை அயல்நாட்டு விதிகளின்படி சோதிக்கப்படுகிறது. அயல்நாட்டுக் குழந்தைக்குக் கிடைக்கும் உறுதி நம் குழந்தைக்குக் கிடைக்க வேண்டாமா?

எனவே, விலக்கை நீட்டிப்பது மட்டும் தீர்வாகாது. பொம்மைத் தொழில் நடைபெறும் ஊர்களில் அரசுச் செலவில் பொதுச் சோதனைக்கூடம் அமைக்க வேண்டும். வண்ணத்தையும் அரக்கையும் வாங்கும் இடத்திலேயே ஒருமுறை சோதித்தால், பொம்மைக்குப் பொம்மை சோதிக்கத் தேவையில்லை. சிறு அளவு உற்பத்திக்குத் தனி வரம்பும் வகுக்கப்பட வேண்டும். இதற்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. 2020-இல் செய்ததுபோல் அமைச்சகத்தின் ஒரு திருத்தமே போதும்.