ஆய்வுக்கூடத்திலிருந்து அங்காடிக்கு

மண்ணுக்கடியில் புதைந்த தண்ணீர்க் குழாயில் கசிவு ஏற்பட்டால் அங்கிருந்து ஓர் ஒலி எழும். குழாயின் இரண்டு இடங்களில் உணர்கருவிகளைப் பொருத்தி, அந்த ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டை அளந்தால், தெருவைத் தோண்டாமலே கசிவின் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். இத்தகைய கருவியை மலிவாகச் செய்யும் வழியை, ஐரோப்பாவில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனம் கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்வோம். ஆய்வு மேசையில் கருவி நன்றாக இயங்குகிறது. ஊர்க் குழாய்க்கு அது எப்போது வந்து சேரும்?

இந்தத் தொலைவை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் உருவான அதில் இன்று ஒன்பது படிகள் உள்ளன. அடிப்படைத் தத்துவம் புலப்படுவது முதற்படி. ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்கப்படுவது நான்காம் படி. உண்மையான சூழலில் முழுமையாக மெய்ப்பிக்கப்படுவது ஒன்பதாம் படி. தொடக்கப் படிகளில் பல்கலைக்கழக ஆராய்ச்சி கைகொடுக்கும். பொருள் விற்கத் தொடங்கியபின் வங்கி கடன் தரும். நடுப்படிகளிலோ செலவு மிகுதி, வருவாய் இல்லை. நல்ல கண்டுபிடிப்புகள் பல மடிந்துபோவது இங்கேதான். 'மரணப் பள்ளத்தாக்கு' என்றே இதற்குப் பெயர்!

ஐரோப்பிய ஒன்றியத்திலுள்ள நிறுவனங்களில் நூற்றுக்கு 99 சிறியவை அல்லது நடுத்தரமானவை. 250 பேருக்குக் குறைவாக வேலை செய்வது இவற்றின் முதல் அடையாளம். விற்றுமுதல், சொத்து ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. ஆகவே, 2021 முதல் 2027 வரைக்கான 'ஹொரைசன் யூரோப்' ஆராய்ச்சித் திட்டத்தில் இவற்றுக்கும் இடமளிக்கப்பட்டது. திட்டம் தொடங்கியபோது ஒதுக்கிய தொகை சுமார் 9,550 கோடி யூரோ.

இதில் இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, ஐரோப்பியப் புத்தாக்க மன்றத்தின் உதவி. இதற்குத் தனி நிறுவனமே விண்ணப்பிக்கலாம்; 25 லட்சம் யூரோ வரை மானியம் கிடைக்கும். ஆனால் செலவில் 70 விழுக்காடுதான் மானியம். 20 லட்சம் யூரோ செலவானால் 14 லட்சம் வரும். மீதி 6 லட்சத்தை நிறுவனமே தேடவேண்டும். மற்றொன்று கூட்டுத் திட்டம். இதற்குப் பொதுவாகக் குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று அமைப்புகள் சேரவேண்டும்.

விண்ணப்பம் எழுதுவதே பெருந்தடை. கருத்தின் சிறப்பு, விளையும் பயன், செய்துமுடிக்கும் திறன் ஆகிய மூன்றையும் வல்லுநர்கள் எடைபோடுகின்றனர். கருவி செய்யத் தெரிந்தவருக்கு இதையெல்லாம் எழுதத் தெரிய வேண்டுமே! பெரிய நிறுவனத்தில் இதற்கெனத் தனித் துறை இருக்கும். பன்னிரண்டு பேரில் யாரை ஒதுக்குவது? ஆகவே ஒவ்வொரு நாட்டிலும் தேசியத் தொடர்பு மையங்கள் ஆலோசனை கூறுகின்றன. 2008இல் தொடங்கிய 'என்டர்பிரைஸ் யூரோப் நெட்வொர்க்' பிறநாட்டுக் கூட்டாளிகளைத் தேடித் தருகிறது.

தகுதி இருந்தும் நிதிப் பற்றாக்குறையால் விடுபட்டவர்க்கு, 2015 முதல் 'சிறப்பு முத்திரை' ஒன்று வழங்கப்படுகிறது. அதைக் காட்டி வேறு நிதிகளை நாடலாம்.

கண்டுபிடிப்பவர் அறிவு ஒரு பாதி. அதைப் பயனுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் குழாயின் கசிவு நிற்கும்.