இலவசமாக வரும் முதல் ஐநூறு ரூபாய்

ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளி போட்டவர்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போதே கைக்கு வரும் காசு அது. வாங்கும் நாளில் உதவியாகத்தான் தெரியும். கிழங்கை யாருக்குப் போடுவது, என்ன விலைக்குப் போடுவது என்பதையெல்லாம் அந்தக் காசு முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது என்பது பிடுங்கும் நாளில்தான் உறைக்கும். சூதாட்ட நிறுவனங்கள் அள்ளித்தரும் இலவசங்களும் அப்படித்தான். முன்பணமாவது கிழங்கு போட்டால் கழிந்துவிடும். இது கழியவே கழியாது.

ரம்மி செயலியில் சேர்ந்தவுடன் வெல்கம் போனஸ், நண்பனைச் சேர்த்துவிட்டால் இன்னொரு போனஸ், தீபாவளிக்குக் குலுக்கலில் பைக், கிரிக்கெட் சீசனில் டி-ஷர்ட் என்று தந்தார்கள். சேகோ மில்லில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர், பஸ் ஸ்டாண்டில் வண்டிக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பையன், கடையில் மதிய நேரத்தில் ஓய்வாக உட்கார்ந்திருப்பவர் என எல்லாருடைய கைபேசிக்கும் இந்த அழைப்புகள் வந்திருக்கின்றன. சூதாடித் தோற்றவரை ஊர் பேராசைக்காரன் என்று திட்டுகிறது. அவரை உள்ளே இழுத்த இலவசத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உடல்நலப் பக்கத்தில் அதைப் பேச வேண்டிய அவசியம் இருக்கிறது.

லாஸ் வேகாஸ் வாணலியும் கோவா விருந்தும்

இது நேற்று முளைத்த தந்திரம் அல்ல. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கசினோக்களில் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பரிசு நாள் என்று ஒன்று உண்டு. போர்வை, வாணலி, காபிக் குவளை, கசினோ பெயர் பொறித்த சட்டை என்று ஏதாவது தருவார்கள். தபாலில் அனுப்ப மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். பரிசு தரும் மேசையை அடைவதற்குள் பெரும்பாலும் வரிசை வரிசையாக நிற்கும் சூதாட்ட இயந்திரங்களைக் கடக்க வேண்டியிருக்கும். வாணலி வாங்கப் போனவர் வாணலியோடு மட்டும் திரும்புவது அரிது.

நம் பக்கத்தில் கோவாவின் பணஜியில், மாண்டவி ஆற்றில் மிதக்கும் கசினோக் கப்பல்கள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணத்திலேயே சாப்பாடு, மது, ஆடுவதற்குக் கொஞ்சம் சில்லு எல்லாம் அடக்கம். அந்தச் சில்லுகளைக் காசாக மாற்றிக்கொள்ள முடியாது, மேசையில் வைத்து ஆடத்தான் முடியும். கொழும்பு கசினோக்களிலும் ஆடுபவர்களுக்குச் சாப்பாடும் குடியும் இலவசம். பெருந்தொகை ஆடுபவர்களுக்கு அறை வாடகையைக்கூட கசினோவே ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உலகம் முழுக்க உண்டு. குடி உள்ளே போனால் நிதானம் வெளியே போகும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

யார் காசில் இந்த விருந்து

கசினோ ஒருவருக்கு எவ்வளவு இலவசம் தரலாம் என்பதைத் தீர்மானிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு கட்டுகிறார், ஒரு மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம் உட்காருகிறார், அந்த ஆட்டத்தில் நிறுவனத்துக்கு எத்தனை சதவீதம் நிற்கும் என்று நான்கையும் பெருக்குவார்கள். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள், நிறுவனத்தின் பங்கு 2.7 சதவீதம். ஒருவர் சுற்றுக்கு 500 ரூபாய் வீதம், மணிக்கு 40 சுற்று, 4 மணி நேரம் ஆடினால் மொத்தம் 80,000 ரூபாய் கட்டியிருப்பார். அதில் அவர் இழக்கக்கூடிய தொகை சராசரியாக 2,160 ரூபாய். அந்தத் தொகையில் ஒரு பகுதிதான் சாப்பாடாகவும் சட்டையாகவும் அவருக்குத் திரும்பி வருகிறது. ஒருநாள் அவர் ஜெயித்துவிட்டுப் போகலாம், கணக்கு அதனால் மாறாது.

செயலிகளில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கிறது. 1,000 ரூபாய் போனஸ் தந்து, அதை வெளியே எடுக்க வேண்டுமானால் 30 மடங்குக்கு ஆடியிருக்க வேண்டும் என்று சிறிய எழுத்தில் நிபந்தனை போட்டிருப்பார்கள். அதாவது 30,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்ட வேண்டும். நிறுவனத்தின் பங்கு 5 சதவீதம் என்றால்கூட, ஆயிரத்தை எடுப்பதற்குள் 1,500 போய்விடும். 2023 அக்டோபர் 1 முதல் ஆடுபவர் கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தபோது, பல நிறுவனங்கள் அந்த வரியையும் போனஸாகவே திருப்பித் தந்தன. ஆடுபவர் ஒரு நொடிகூட யோசித்துத் தயங்கிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை.

மூளைக்குள் என்ன நடக்கிறது

இலவசம் என்றதும் நாம் கணக்குப் போடுவதை நிறுத்திவிடுகிறோம். 2007இல் கிறிஸ்டினா ஷம்பானியர், நினா மசார், டான் ஏரியலி மூவரும் இதைச் சாக்லேட் வைத்துச் சோதித்தார்கள். உயர்ந்த சாக்லேட் 15 சென்ட், சாதா சாக்லேட் 1 சென்ட் என்றபோது பெரும்பாலானோர் உயர்ந்ததையே எடுத்தார்கள். இரண்டின் விலையிலும் ஒரே ஒரு சென்ட் குறைத்து, 14 சென்ட், இலவசம் என்று வைத்தபோது கூட்டம் அப்படியே இலவசத்தின் பக்கம் திரும்பிவிட்டது. விலை வித்தியாசம் மாறவே இல்லை.

டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பற்றி உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளிடம் செய்த ஆய்வு இன்னும் ஆழமானது. எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது, குரங்கின் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு, சாற்றுக்கு அல்லாமல் விளக்குக்கே அவை துள்ளத் தொடங்கின. “உங்கள் 200 ரூபாய் போனஸ் இன்று இரவு 12 மணியோடு முடிகிறது” என்று ஒரு குறுஞ்செய்தி வரும் ஓசைதான் நம் கைபேசியில் அந்த விளக்கு. அந்த 200 ரூபாய் ஒருபோதும் நம் கையில் இருந்ததில்லை. ஆனாலும் பறிபோகிறது என்று மனம் பதறும். ஆடுவதை விட்டு இரண்டு வாரம் ஆனவருக்கு இப்படியொரு செய்தி வந்தால், அவர் மறுபடி முதலிலிருந்து போராட வேண்டியிருக்கும். ஆடாமல் இருப்பவர்களையும் தேடி இந்தச் சலுகைகள் வருகின்றன என்பதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

நூலிழையில் கைவிட்டுப் போன ஆட்டம் இருக்கிறதே, அது ஏறக்குறைய ஜெயித்த ஆட்டம் மாதிரியே மூளையின் வெகுமதிப் பகுதிகளைத் தூண்டுகிறது என்று லூக் கிளார்க் குழுவினரின் ஆய்வு காட்டியது. “ஜோக்கர் மட்டும் வந்திருந்தா முடிச்சிருப்பேன்ணே” என்கிற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது.

“விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திக்கறேன்”

இந்த வாக்கியம் வீட்டில் கேட்கத் தொடங்கிவிட்டால் விழித்துக்கொள்ளுங்கள். தோற்ற பணத்தைத் துரத்தும் பழக்கம் இந்த நோயின் முக்கியமான அடையாளம். ஆம், நோய்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதை மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் பிரிவுக்கே மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது.

மருத்துவர்கள் பார்க்கும் 9 அறிகுறிகளில் 12 மாதத்துக்குள் 4 இருந்தாலே கவனிக்க வேண்டும். முன்பு நூறு ரூபாயில் கிடைத்த கிளர்ச்சிக்கு இப்போது ஆயிரம் தேவைப்படும். கைபேசியைப் பிடுங்கினால் எரிச்சல் வரும். நிறுத்துகிறேன் என்று பலமுறை சொல்லியும் முடியாமல் போகும். எந்நேரமும் அதே நினைப்பு இருக்கும், மனச்சோர்வு வந்தால் உடனே ஆடத் தோன்றும், பொய் பெருகும், வேலையும் உறவும் ஆட்டம் காணும், கைமாற்றுக் கேட்டு ஊரெல்லாம் அலைய வேண்டிவரும். எங்கள் பக்கத்தில் இது முதலில் தெரியவருவது நகைப் பெட்டியில்தான். மனைவியின் தோடு அடகுக்குப் போயிருக்கும், அல்லது மகளிர் குழுவில் கடன் எடுத்த பணம் வீட்டுக்கு வந்தே சேர்ந்திருக்காது.

உடம்பிலும் தெரியும். தூக்கம் கெடும். பசி போகும், அல்லது வயிற்றெரிச்சல் வரும். ஏற்கெனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் கட்டுக்குள் நிற்காது. குடி சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்க்கின்சன் நடுக்க நோய்க்குத் தரும் பிரமிபெக்சால், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலரிடம் திடீரென்று சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடும். அறுபது வயதுவரை சீட்டையே தொடாதவர் இந்த மாத்திரை தொடங்கியபின் ஆட ஆரம்பித்தால், அவரைத் திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.

சட்டங்கள் வந்த வழி

லாட்டரியைத் தமிழக அரசு 2003 ஜனவரியில் தடை செய்தது. ஆன்லைன் ரம்மிக்கு எதிரான 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அதை ஒட்டி வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை பணம் கட்டி ஆடத் தடை விதித்த விதியை உயர் நீதிமன்றம் ஏற்றது. தூக்கத்தைக் காப்பாற்றும் இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. விளம்பரம் செய்தால் 2 ஆண்டுவரை சிறை, 50 லட்சம்வரை அபராதம். ஆடுபவரைத் தண்டிக்க அதில் இடமில்லை. பெரிய ரம்மி நிறுவனங்கள் பண ஆட்டத்தை உடனே நிறுத்தின.

வெளிநாட்டிலிருந்து நடத்தும் பந்தயத் தளங்கள் மட்டும் டெலிகிராம் குழுக்கள் வழியே இன்னும் வலை வீசுகின்றன. புதிதாகச் சேர்பவருக்கு அவர்களும் முதலில் நீட்டுவது போனஸ்தான். இந்த வாசலையே அடைக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியா 2019இலேயே உணர்ந்துவிட்டது. கணக்குத் தொடங்கவும் நண்பரைச் சேர்க்கவும் சலுகை தருவதை அங்கே தடை செய்தார்கள்.

ஆத்தூரில் இருந்து எங்கே போவது

முதல் வேலை, அந்த ஓசையை நிறுத்துவது. செயலியை நீக்குங்கள், குழுக்களிலிருந்து வெளியேறுங்கள், 1909க்கு அழைத்து விளம்பரச் செய்திகளை முடக்குங்கள். யூபிஐ தினசரி வரம்பைக் குறைத்து, சம்பளக் கணக்கைச் சில மாதம் மனைவியிடமோ அம்மாவிடமோ ஒப்படையுங்கள். பணம் பறித்த மோசடித் தளம் என்று தெரிந்தால் 1930க்குப் புகார் சொல்லலாம்.

ஆத்தூர் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி, மனநல மருத்துவரை எந்த நாளில் பார்க்கலாம் என்று கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் கைபேசி, இணைய அடிமைத்தனத்துக்கென்றே தனிப் பிரிவு நடக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சைதான் முதன்மையானது. சிலருக்கு நால்ட்ரெக்சோன் மாத்திரை உதவுகிறது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் குடிக்கும் சேர்த்து மருத்துவம் பார்ப்பார்கள்.

வீட்டார் எல்லாக் கடனையும் ஒரே மூச்சில் அடைத்துவிட அவசரப்பட வேண்டாம். கையில் கடன் இல்லை என்றதும் மறுபடி ஆடத் தோன்றும். யாருக்கு எவ்வளவு என்று அவரையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, அதோடு மருத்துவரிடம் போங்கள். கேலி, சாபம், தெருவில் வைத்து அவமானம் எதுவும் வேண்டாம். “நான் செத்தாத்தான் நிம்மதி” என்ற பேச்சு வந்தால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல், தோட்டத்துப் பூச்சிமருந்தை அன்றே வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். இரவு எந்த நேரமானாலும் தமிழில் பேச ஆள் இருப்பார்கள், கட்டணம் கிடையாது.