சுண்டெலி சொன்ன விடை

வரிப்பத்தான்சேனை வட்டைகளில் வேளாண்மை குடலைப் பருவம் எய்தும்போது, உழவர் பெரிதும் அஞ்சும் உயிர் எலியே. அதனை நன்றியோடு நினைப்பார் இங்கு எவருமிலர். எனினும் அதன் குலத்துச் சிற்றுயிராகிய சுண்டெலிக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம் என்பதை உணரும் வாய்ப்பு அண்மையில் எனக்கு நேர்ந்தது. கழுத்திலெழுந்த கட்டியை அறுவையால் நீக்கி மீண்ட என் பழைய மாணவி ஒருத்தி, "இந்தப் புற்று எனக்கு ஏன் வந்தது, சேர்? நான் செய்த பிழை என்ன?" என்று வினவினாள். விடை தேடிப் புகுந்தேன்.

கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைரொயிட்டுச் சுரப்பி. உணவிலுள்ள அயடீனைக் கவர்ந்து, உடல் வளர்ச்சிக்கு வேண்டிய சுரப்பை ஆக்குவது அதன் தொழில். அயடீன் குறையின் கண்டமாலை தோன்றும். புற்றோ, கலத்தினுள் எழுதப்பட்ட ஏட்டில் நேரும் பிழையால் விளைவது.

'அறம்' என்பதில் ஓரெழுத்து மாறின் 'அரம்' ஆகிவிடுமன்றோ? அத்தகைய ஓரெழுத்துப் பிழையொன்று, 'பிராஃப்' என்னும் பரம்பரையலகில் உண்டென 2002இல் அறியப்பட்டது. தைரொயிட்டுப் புற்றுகளுள் மிகுதியாகக் காணப்படும் வகையிலும் அது பெரிதும் இருந்தது. ஆயினும் அப்பிழை நோய்க்கு முதலா, நோயின் விளைவா? மருத்துவர் மனிதரிடத்தே காண்பது வளர்ந்துவிட்ட கட்டியை. அதன் தொடக்கத்தை அன்று.

ஜேம்ஸ் ஃபாகின் என்னும் அமெரிக்க அறிஞரின் குழுவினர், அப்பிழையைச் சுண்டெலியின் தைரொயிட்டில் மாத்திரம் இயங்குமாறு புகுத்தினர். புற்று எழுந்தது, 2005இல் ஐயம் தீர்ந்தது. பிழையே முதல்!

பின்னர், ஒரு மருந்தை ஊட்டினால் பிழை விழிக்கவும், நிறுத்தினால் உறங்கவும் அமைந்த சுண்டெலிகளை ஆக்கினர். பிழை விழித்தபோது கலங்கள் அயடீனைக் கவரும் தம் தொழிலை மறந்தன. இம்மறதி கொடிது. கதிர்வீசும் அயடீனை ஊட்டிப் புற்றை அழிப்பது மருத்துவமுறை. அயடீனை ஏலாத கலம் தப்பிவிடும். பிழை உறங்கியதும் கலங்கள் மறந்த தொழிலை மீண்டும் செய்தன. பிழையின் ஏவலைத் தடுக்கும் மருந்தும் அப்பயனைத் தந்தது. இது 2011இல் வெளிவந்த செய்தி.

2013இல், கதிர் அயடீனுக்கு இணங்காத புற்றுடையார் 20 பேரிடம் அத்தகைய மருந்தொன்று சோதிக்கப்பட்டது. 12 பேரின் கட்டிகள் முன்னினும் மிகுதியாக அயடீனைக் கவர்ந்தன. போதிய அளவு கவர்ந்த 8 பேர்க்குக் கதிர் அயடீன் அளிக்கப்பட, ஐவர்க்குக் கட்டி சுருங்கிற்று. சிறு தொகைதான், சுண்டெலிக்குப் பலித்ததெல்லாம் மனிதர்க்குப் பலிப்பதுமில்லை. எனினும் வழியொன்று திறந்தது.

மாணவியிடம் சொன்னேன்: "பிழை நேர்ந்தது உன் ஒழுக்கத்திலன்று, மகள், கலம் தன் ஏட்டைப் படியெடுக்கையில் நேர்ந்த எழுத்துப் பிழை அது." அவள் முகம் தெளிந்தது.

வட்டையில் எலிக்குப் பொறி வைப்பதை உழவர் விடவேண்டா. ஆயினும் நம் பொருட்டு நோயேற்று மாண்ட அச்சிற்றுயிர்களை ஒருகணம் நினைத்தல் தகும்.