குடி மறப்புக்குச் செலவான பணம்: கணக்கு எங்கே?

கடலூர் ஜில்லாவாசிகளுக்குச் சாராயச் சாவு புதிதன்று. 2001-இல் பண்ருட்டிப் பக்கத்தில் ஐம்பது உயிர்களுக்கு மேல் போயின. 2023 மே மாதத்தில் மரக்காணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரண்டும், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவின் ஊர்களே. கள்ளக்குறிச்சியில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று சர்க்கார் உடனே அறிவித்தது. அது நியாயமே. ஆனால் உயிரோடிருக்கும் குடிகாரனைத் தெளிவிப்பதற்கு என்ன செலவாயிற்று?

1937 அக்டோபர் முதல் தேதி சேலத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் மதுவிலக்கைத் தொடங்கினார். கலால் நஷ்டத்தை ஈடுசெய்யவே 1939-இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது. விற்பனை வரி தளர்ந்ததா? 2023-24-இல் மதுவினால் கஜானாவுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். நாளொன்றுக்கு ஏறக்குறைய 125 கோடி! ஒவ்வொரு கடையின் விற்பனையும் அன்றன்றே கணக்கில் ஏறுகிறது. குடியை விட்டவர் கணக்கை மட்டும் எழுத ஆளில்லை போலும்.

2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மறுவாழ்வு நிலையங்கள் திறக்கப்பட்டன. நல்ல காரியம். எனினும் திறப்பு விழாவோடு கடமை தீர்ந்துவிடாது. நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று தினங்களுக்குள் கைநடுக்கமும், பிதற்றலும், வலிப்பும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அவனுக்கு வேண்டியது ஆஸ்பத்திரிப் படுக்கையும், மருந்தும், பின்னர் பல மாதங்கள் விடாது விசாரிக்கும் ஆலோசகருமாம். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் அட்டை பிடித்து நடத்திய ஊர்வலச் செலவை இந்தத் தலைப்பில் எழுதினால் யார் ஒப்புவர்?

ஆகவே ஜில்லா கலெக்டரையும், கடலூர், சிதம்பரம் நகர ஆணையர்களையும் நாம் கேட்பது இதுதான். தத்தம் பொறுப்பில் இதற்கென வந்த தொகை எவ்வளவு? செலவானது எவ்வளவு? எத்தனை பேர் சேர்ந்தனர்? ஓராண்டு கழித்தும் குடியாதிருப்பவர் எத்தனை பேர்? எத்தனை உத்தியோகங்கள் காலி? ஆட்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இது முடியாத காரியமன்று. சேலத்து மதுவிலக்கின் பொருளாதாரப் பலன்களை ஆராய்ந்து அந்நாளிலேயே அறிக்கை அச்சிட்டது நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக் கழகம். அங்கே இன்று அரசினர் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கணக்கெடுக்க வெளியூர் ஆள் வேண்டுமோ?

தகவல் அறியும் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் பத்து ரூபாய். இரு நகரத்து ஊழியர்களும் வார்டுதோறும் மனுப் போடட்டும். வந்த பதிலை அடுத்த மன்றக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பதில் வராவிடில், வரவில்லை என்பதையும் வாசிக்கட்டும்.