கரிசல் காத்துல கம்ப்யூட்டரை திறக்கறீங்களா? உஷார்!

புதூர்:

ஆசையாக வாங்கி வந்த ராமை மாட்டியதும் கம்ப்யூட்டர் மூச்சே விடவில்லை. அல்லது ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டு திடீரென திரை நீலமாகி நிற்கிறது. ‘டூப்ளிகேட்டை தலையில கட்டிட்டான்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்கு கிளம்பும் முன், மாட்டிய கையையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

பாலியஸ்டர் சட்டையை கழற்றும்போது படபடவென சத்தம் வருமே, பிளாஸ்டிக் சேரில் இருந்து எழுந்து இரும்பு கதவை தொட்டதும் சுளீர் என்று இழுக்குமே, அந்த நிலை மின்சாரம்தான் வில்லன். அந்த சுளீரை நாம் உணரவே சுமார் 3 ஆயிரம் வோல்ட் சேர வேண்டும். சில சிப்புகளுக்கோ 100 வோல்ட்டே அதிகம். கைக்கு ஒன்றும் தெரியாது, சிப் செத்துப்போகும். சிலது குற்றுயிராக கிடந்து சில மாதம் கழித்து படுத்துவிடும்.

காற்றில் ஈரம் குறையக் குறைய இந்த மின்சாரம் உடம்பில் அதிகமாக தேங்கும். புதூர், விளாத்திகுளம், கோவில்பட்டி பக்கம் மழை இல்லாத மாதங்களில் கேட்கவே வேண்டாம். தீப்பெட்டியும் பட்டாசும் இந்த வட்டாரத்தில் வேர் பிடித்ததற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். பட்டாசு ஆலைக்கு வேலைக்கு போகிறவர்களுக்கு இந்த விஷயம் அத்துப்படி. பருத்தி உடைதான் உடுத்த வேண்டும், மருந்து அறைக்குள் நுழையும் முன் எர்த் செய்த தகட்டை தொட வேண்டும் என்பது அங்கே பாதுகாப்பு விதி. அங்கே பொறி பட்டால் உயிர் போகும். இங்கே போவது உழைத்த காசு.

2011-ம் ஆண்டு முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. ராமை கூட்டி, எஸ்.எஸ்.டி. போட்டால் சிலவற்றுக்கு மறுபடி உயிர் வரும். திறக்கும் முன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை சில விநாடி அழுத்துங்கள். ரப்பர் செருப்பை கழற்றி வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று, ஜன்னல் கம்பியை ஒருமுறை தொடுங்கள். டெஸ்க்டாப் என்றால் பிளக்கை பிடுங்கியபின், கேபினெட்டில் பெயிண்ட் இல்லாத இரும்பை அவ்வப்போது தொட்டுக்கொண்டே வேலை பாருங்கள். மின்விசிறி அடியில் பாய், போர்வை விரித்து வைத்து திறப்பது கூடாது.

ராமை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். பலரும் அதன் தங்க நிறப் பற்களை சட்டையில் தேய்த்து துடைப்பார்கள். சிப்புக்கு அதைவிட கெடுதல் வேறில்லை. வெள்ளி நிற கவரில் இருந்து கடைசி நிமிடத்தில் எடுத்தால் போதும். கழற்றிய பழைய ராமை சாதாரண பாலிதீன் பையில் போடாமல் அதே கவரில் போடலாம்.

இதற்கென்றே மணிக்கட்டு பட்டை கடைகளில் கிடைக்கிறது. அதன் ஒயரில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறி கரண்ட் பட்டாலும் ஆளை தாக்காமல் இருக்கத்தான் அது. ‘நாமளே செஞ்சுக்கலாம்’ என்று வெறும் செம்புக் கம்பியை கையில் சுற்றி பிளக் எர்த்தில் சொருகும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். வயரிங் கோளாறான வீட்டில் அந்த எர்த்திலேயே கரண்ட் இருக்கும்.